தேயிலை ஃபாக்டரி ஆலன் கீயும் அஞ்சு எம்எம் போல்ட்டும்

1. கீ சுற்றியது, போல்ட் சுற்றவில்லை

ஆலன் கீ, ‘எல்’ மாதிரி வளைந்த அந்த ஆறுமூலைக் கம்பி, போல்ட்டின் குழிக்குள் தனியாகச் சுற்றும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. கீயைப் பிடித்திருக்கும் கைக்கு மட்டும் கேட்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு என் வலது கைக்கு அது கேட்டது.

என் பயத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இரண்டு காதும் சூடாகும். அடுத்து வாய் பொய் சொல்லும். மூன்றாவதாக ஒன்றுக்கு வரும். கல்யாணம், பிரசவ ஆஸ்பத்திரி, பஞ்சாயத்து ஆபீஸ் எங்கே பயந்தாலும் இதே வரிசைதான். அன்றைக்கும் வரிசை தப்பவில்லை.

சைக்கிள் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, எந்த ஆலன் கீ செட் வாங்கலாம்?" என்பதுதான். ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வராது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. பெருமாட்டியில் ஆறுச்சாமி அண்ணன் சைக்கிள் கடையில் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு பதினேழு வருஷம் மலையில், தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரி வொர்க்‌ஷாப்பில் இருந்தேன். ஆள் குறைத்தார்கள், குறைத்த ஆட்களில் நான் ஒருவன். எஸ்டேட்டில் வேலை போனால் அவர்கள் கொடுத்த லயன் வீடும் போகும். மூன்று மாதத்தில் காலி செய்யவேண்டும் என்று காகிதம் கொடுத்திருந்தார்கள். மனைவி ஜெசிந்தாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த லயன் வீட்டில், நான் கீழே கூப்பிடும் நாளுக்காகக் காத்திருந்தார்கள்.

ஆறுச்சாமி அண்ணன் அதுவரை கறுப்பு சைக்கிள்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் மூட்டை ஏற்றுகிற, பதினாலு-பதினஞ்சு ஸ்பேனரில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிற சைக்கிள். கியர் வண்டிகள் அந்தப் பக்கம் வர ஆரம்பித்ததால் என்னை எடுத்தார்.

"மலையில மிஷினெல்லாம் பிரிச்சு மாட்டுனவன்ங்கறே. சைக்கிளு உனக்கென்னப்பா கஷ்டம்? ஒரு மாசம் பாக்கறேன். சரிப்பட்டா இரு, இல்லீன்னா பஸ் ஏறிக்க" என்றார்.

அதுதான் எனக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்.

2. தகடு வைக்கிற புத்தி

அன்றைக்கு அண்ணன் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடையில் நான் தனி. கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணி சார் வந்தார். பாலக்காடு கல்பாத்திக்காரர், வங்கியில் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ்நாட்டு எல்லையிலிருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட் வரை மிதித்துப்போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவது அவருடைய வழக்கம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். கூட வந்த லதா மேடம், அதே வங்கியில் வேலை பார்ப்பவர், நிற்காமல் முன்னால் போய்விட்டிருந்தார்.

"இந்த ஹேண்டில் இருக்கே, செத்த செத்த தானே திரும்பறது, கேட்டேளா. நான் நேரே பிடிச்சா வண்டி கோணலாப் போறது. இத ஒண்ணு டைட் பண்ணித் தரணுமே" என்றார்.

ஹேண்டில்பாரைத் தாங்குகிற ஸ்டெம், முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கோடு சேரும் இடத்தில், பின்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு போல்ட் இருக்கும். இரண்டும் அஞ்சு எம்எம் ஆலன் கீ போடுகிற போல்ட். அவை லூஸாக இருந்தால் நீங்கள் ஹேண்டிலைத் திருப்புவீர்கள், முன்சக்கரம் நேராகப் போகும். சமதரையில் தெரியாது. இறக்கத்தில், வளைவில், பிரேக் பிடிக்கும்போது தெரியும். தெரியும்போது நீங்கள் தரையில் இருப்பீர்கள்.

கடையில் ஆலன் கீ கிடையாது. என்னிடம் இருந்தது. எங்கள் வொர்க்‌ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு: யாராவது வேலையை விட்டுப் போனால், மற்றவர்கள் தங்கள் பெட்டியில் எதைக் கொடுக்க மனசு வராதோ அதை எடுத்துக் கொடுப்பார்கள். ஃபிட்டர் ஞானமுத்து எனக்குக் கொடுத்தது ஒரு இங்கிலீஷ் ஆலன் கீ செட். தோல் உறையில் ஒன்பது கீ. எங்கள் ரோலர் மிஷின் வந்த காலத்தில் கூடவே வந்த சாமான். அந்த இரும்பைக் கல்லில் தட்டினால் கோயில் மணி மாதிரி கேட்கும். உறையை மோந்து பார்த்தால் இன்றைக்கும் கிரீஸும் தேயிலைத் தூசியும் கலந்த வாசம் லேசாக வரும்.

ஒரே ஒரு குறை. தேயிலை ஃபாக்டரி மிஷின் எல்லாம் பழைய இங்கிலீஷ் மிஷின். அதனால் சாமானும் இஞ்சுக் கணக்கு. அஞ்சு எம்எம்முக்குப் பக்கத்தில் என்னிடம் இருந்தது மூணு பை பதினாறு இஞ்சு. அஞ்சுக்கு ஒரு முடி குறைவு. கால் மில்லிமீட்டர்கூட இல்லை.

எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்னும் வெட்கமான இடம். ஃபாக்டரியில் பதினேழு வருஷம் நாங்கள் செய்ததெல்லாம் இதுதான்: எது லூஸோ அதற்கு இடையில் ஒரு தகடு. பேரிங் லூஸா, தகடு. கப்ளிங் ஆடுகிறதா, தகடு. டீ பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக் கத்தரித்து மடித்துச் செருகினால் எந்த மிஷினும் சத்தம் அடங்கி ஓடும். எங்களுக்கு ஈயத்தாள் கிட்டத்தட்ட ஒரு வேதம்.

பட்டறை மேஜையில் டீத்தூள் பாக்கெட் இருந்தது. உள்ளே வெள்ளித்தாள். ஒரு துண்டு கிழித்தேன், கீ முனையில் சுற்றினேன், போல்ட்டில் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அட, பாக்கெட் தாள வெச்சா?" என்றார் மணி சார்.

"ஃபாக்டரி வித்தை சார்" என்றேன். அந்த நிமிஷத்தில் நான் மிகவும் உயரமாக இருந்தேன்.

மேல் போல்ட்டைத் திருகினேன். தாள் நார்நாராகக் கிழிந்து வெளியே வந்தது. கீ சுற்றியது. வெளியே எடுத்துக் குழியைப் பார்த்தேன். ஆறு மூலையாக இருந்தது மோதிரம் மாதிரி வட்டமாகியிருந்தது. என் கீயில் ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு நல்ல இரும்பு. சைனா பஜார் கீயாக இருந்தால் கீயே முறுக்கிக்கொண்டு போயிருக்கும், போல்ட் பிழைத்திருக்கும்.

கீழ் போல்ட்டைத் தொடவே இல்லை. அதையும் கெடுத்துவிடுவேன் என்று பயம்.

"ஆச்சா?" என்றார்.

காது சூடாகி முடிந்திருந்தது. இரண்டாவது கட்டம்.

"டைட் ஆயிருச்சு சார்."

நம்பிக்கை வரட்டும் என்று முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் பிடித்து ஹேண்டிலைத் திருகியும் காட்டினேன். தொட்டில் ஆட்டுகிற அளவு பலத்தில் திருகினேன். அசையவில்லை. மணி சார் "நன்னி" என்று சொல்லி, ஹெல்மெட்டை மாட்டி, கிழக்கே போய்விட்டார்.

நான் கடைக்குப் பின்னால் போனேன். மூன்றாவது கட்டம்.

3. கிழக்குக் காற்று

தென்னைமரத்தடியில் நிற்கும்போது மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. கோபாலபுரத்துக்குப் போகிற வழியில் கனால் பாலம் ஒன்று உண்டு. பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியதும் ரோடு வளையும். ஏறி, இறங்கி, பிரேக் பிடித்து, வளைத்து. லூஸ் ஸ்டெம்முக்கு எதெல்லாம் ஆகாதோ அதெல்லாம் வரிசையாக அந்த ஒரே இடத்தில்.

இன்னொரு யோசனையும் வந்தது, மறைக்கமாட்டேன். சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஓடிப்போய்ச் சொன்னால் வேலை போவது நிச்சயம். வேலை போனால் லயன் வீடும் இல்லை, கீழே ஒரு வீடும் இல்லை. அந்த யோசனையோடு நான் பீடி ஒன்று பற்றவைத்தேன். நாலு இழுப்பு இழுத்தேன். நாலு இழுப்பு நேரம் நான் அந்த மனுஷனை ரோட்டில் விட்டு வைத்திருந்தேன் என்பது கணக்கு.

ஐந்தாவது இழுப்புக்கு முன்னால், ரிப்பேருக்கு நின்ற ஒரு தேங்காய்க்காரரின் சைக்கிளில் ஏறிவிட்டேன். கறுப்பு வண்டி, பின்னால் கட்டில் அகலத்துக்குக் கேரியர், பிரேக் ஒரு பக்கம் மட்டும். கிழக்குக் காற்று வீசுகிற மாதம் அது. கணவாய்க் காற்று முகத்தில் அறைந்தது. நான் மலைக்காரன், நடக்கத் தெரியும், மிதிக்கத் தெரியாது. மூச்சிரைப்பில் பாதி ஜெபம், பாதி கெட்டவார்த்தை.

கனால் பாலம் தெரிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வளைவில் கூட்டம்.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடினேன். ஓடும்போதே மணி சாருடைய மனைவிக்கு என்ன சொல்லுவது என்று மனதுக்குள் ஒத்திகை. கூட்டத்தை விலக்கி உள்ளே பார்த்தால், ஒரு ஸ்கூட்டர். அதன் மேல் லாட்டரிச் சீட்டைப் பரப்பி ஒருவர் வியாபாரம்.

"சீட்டு வேணுமாண்ணா? இன்னிக்கு உங்க மூஞ்சிக்கு விழும்" என்றார்.

"இப்பத்தான் விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடிச் சைக்கிளை எடுத்தேன்.

கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு மொபெட். வெள்ளை வேட்டி, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. என் முதலாளி.

"ஏப்பா மிக்கேலு! கடைய ஆரு பாக்கறா?"

"ஆருமில்லீங்கண்ணா!"

"பின்னே நீ எங்கப்பா இந்த ஓட்டம் ஓடறே?"

"ஒரு பொய் சொல்லிட்டேனுங்கண்ணா, அத திருப்பி வாங்கப் போறேன்!"

நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். பின்னால் மொபெட் திரும்புகிற சத்தம் கேட்டது.

4. செக்போஸ்ட் டீக்கடை

மணி சார் முழுதாக இருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உளுந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் லதா மேடம். காற்று எதிரே அடித்ததால் மனுஷன் அன்றைக்கு வேகமாகவே போகவில்லையாம். என்னைக் காப்பாற்றியது காற்று.

"நீரா? என்னாக்கும், நான் எதாவது மறந்துவெச்சுட்டேனா?" என்றார்.

"சார், அந்த போல்ட் டைட் ஆகல."

"நீர்தானே ஆச்சுன்னேள்?"

"சொன்னேன் சார்."

"பின்னே?"

"பொய் சார். போல்ட்டு குழிய நான் கெடுத்துட்டேன். கீழ் போல்ட்ட தொடவே இல்ல."

லதா மேடம் எழுந்து, முன்சக்கரத்தை முழங்காலில் இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலைத் திருகினார். நான் செய்தது போல இல்லை, நிஜமாகவே. ஹேண்டில் வெண்ணெயில் திரும்புவது மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. சக்கரம் நேராக இருந்தது.

மணி சார் வடையைத் தட்டில் வைத்தார்.

"அந்தப் பாலத்துலேர்ந்து நான் பிரேக்கப் பிடிச்சிண்டாக்கும் எறங்கினேன்" என்று மெதுவாகச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

லதா மேடம் சீட்டுக்கு அடியில் இருந்த சின்னப் பையைத் திறந்து ஒரு ஆலன் கீயை எடுத்தார். கறுப்பு நிறம், பளபளப்பே இல்லை. பார்க்கக் கூரை ஆணி மாதிரி இருந்தது.

"உங்க கீயக் கொண்டாங்க பாக்கலாம்."

கொடுத்தேன். முதலில் என்னுடையதைக் கீழ் போல்ட்டில் வைத்து இரண்டு விரலால் ஆட்டினார். கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடியது. அடுத்து அவருடையதை வைத்தார். குழிக்குள் போகும்போதே ஒரு தயக்கம், காற்றைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி. ஆட்டினார். கீ ஆடவில்லை, சைக்கிளே ஆடியது.

"ஏனுங்க, உங்க கீ என்னோட கீய விட நல்ல இரும்புங்க" என்றார். "ஆனா இந்த போல்ட்டுக்கு இது கீயே இல்லீங்க."

கீழ் போல்ட்டை அவரே டைட் செய்தார். ஒரு போல்ட்டை நம்பி அந்தப் பாலத்தில் திரும்பவும் இறங்கமாட்டேன் என்று மணி சார் சொல்லிவிட்டார். அவரையும் சைக்கிளையும் ஒரு கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றினோம். இத்தனையையும் வாசலில் மொபெட்டை நிறுத்தி, தாம்பூலப் பையோடு பார்த்துக்கொண்டு நின்றார் ஆறுச்சாமி அண்ணன்.

5. ஒரு வாரம்

கடையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓர் ஆடு பட்டறைக்குள் நின்று பழைய ட்யூபைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் அதை விரட்டினார். அதே வேகத்தில் என்னையும் நகர்த்தினார். என் தோல் உறையைப் பிரித்து, அஞ்சு எம்எம்முக்கு அடுத்த பெரிய இஞ்சு கீயை எடுத்து, வட்டமாகிப் போன குழியில் வைத்து, சுத்தியலால் பக்குவமாக நாலு தட்டுத் தட்டி இறக்கினார். கீ கடித்துக்கொண்டது. திருப்பினார், போல்ட் வந்துவிட்டது. கறுப்பு சைக்கிள் மட்டுமே பார்த்த மனுஷர்! பக்கத்து ஊரிலிருந்து புது போல்ட் வரவழைத்து, லதா மேடத்தின் கீயை இரவல் வாங்கிப் போட்டு, மணி சாரை அனுப்பி வைத்தார். மணி சார் போகும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

நான் ஜெசிந்தாவுக்கு போன் போட்டேன்.

"என்ன, மூச்சு இப்படி வாங்குது? எத ஒடச்சிய?" என்றாள். பழகிய மனைவி.

சொன்னேன்.

"அந்த சார் நல்லா இருக்காருல்ல?"

"இருக்காரு."

"அப்ப சரி. வேல போச்சுன்னா வந்து சாமான் கட்டுங்க. எங்கயாச்சும் போவோம்."

அண்ணன் கை கழுவிவிட்டு வந்தார். "பொய் சொன்னதுக்கு உன்னைய இன்னைக்கே பஸ் ஏத்தி உட்டிருக்கோணும். நீயே முடுக்கிட்டுப் போயிச் சொன்னியே, அதுக்காக ஒரு வாரம் தள்ளி வெக்கறேன். நாளைக்குக் கோயமுத்தூர் போயி எம்எம் கீ ஒரு செட்டு வாங்கிட்டு வா. நீயே பாத்து வாங்கோணும்."

அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அண்ணனுக்கு இப்போது முட்டிவலி, வீட்டில்தான் இருக்கிறார். எப்போதாவது கடைக்கு வந்தால், "உன்ற வாரம் எப்பப்பா முடியுது?" என்று கேட்பார்.

6. போல்ட்டைக் கூட்டிக்கொண்டு போங்கள்

கோயமுத்தூரில் டூல்ஸ் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் நாலு, அஞ்சு, ஆறு எம்எம் ஒவ்வொன்றிலும் ஒரு புது போல்ட் எடுத்துப் போனேன். தம்பிகளுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான். கீ வாங்கப் போகும்போது போல்ட்டைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைக்காரர் முதலில் காட்டியது கண்ணாடி மாதிரி மின்னுகிற செட். போல்ட்டில் வைத்து ஆட்டினேன்; ஆடியது. மினுமினுப்பு மேல்பூச்சு, பூச்சுத் தடிமனுக்கு இடம் விட்டு உள்ளே இரும்பை மெலிதாக வைத்திருந்தார்கள். இன்னொன்றில் முனை நேராக வெட்டப்படாமல் நுனி மழுங்கலாக இருந்தது. மழுங்கிய நுனி குழியின் அடிவரை போய்ப் பிடிக்காது. மூன்றாவது செட்டில் எழுத்தெல்லாம் பிரமாதம், எஃகின் பெயர் வரை பொறித்திருந்தது. எழுத்தை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். பெரிய போல்ட் ஒன்றை வைஸ் இடுக்கியில் பிடித்துத் திருகிப் பார்க்கக் கேட்டேன். கீ லேசாக முறுக்கியது, கையை எடுத்த பிறகும் முறுக்கினபடியே நின்றது. நல்ல கீ வளையும், விட்டால் திரும்பி வரும்.

பதினெட்டாவது கீயை நான் போல்ட்டில் வைத்தபோது கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"ஏனுங்க, கீ வாங்க வந்தீங்களா, இல்ல பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணு பாக்க இவ்வளவு நேரம் எடுக்கலீங்க. எங்க ஊட்டுல போட்டோ காட்டுனாங்க, தலையாட்டிட்டேன்."

சிரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு கறுப்பு செட்டைக் கொண்டுவந்தார். நீளக் கையுள்ள எல் கீ, நீளப்பக்கத்து முனையில் உருண்டை. போல்ட்டில் வைத்ததும் லதா மேடத்தின் கீயில் பார்த்த அந்தத் தயக்கம். வாங்கினேன்.

உருண்டை முனை சாய்வாகப் பிடித்து வேகமாகச் சுற்றுவதற்கு மட்டும். கடைசி டைட் எப்போதும் நேர் முனையால்தான். குழிக்குள் மண் இருந்தால் எவ்வளவு நல்ல கீயும் பாதிதான் உள்ளே போகும். பழைய ஸ்போக் கம்பியால் சுரண்டிவிட்டுப் போடுங்கள். முனை தேய்ந்தால் செட்டைத் தூக்கிப்போட வேண்டாம். நுனியைக் கொஞ்சம் கிரைண்டரில் நேராகத் தேய்த்து எடுத்தால் புது மூலை வந்துவிடும். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள், சூடேறி நிறம் மாறினால் இரும்பு செத்துவிடும். தாளைச் சுற்றாதீர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

7. மணி சார்

ஜெசிந்தாவும் பிள்ளைகளும் அடுத்த மாதம் பெருமாட்டிக்கு வந்துவிட்டார்கள். மணி சார் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கடையைத் தாண்டிப் போவார், லதா மேடம் கை காட்டுவார், அவர் நேரே பார்த்துப் போவார். நான் அவர் பக்கமிருந்து யோசித்துப் பார்த்தேன். நானாக இருந்தாலும் நின்றிருக்கமாட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் நின்றார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "ஹேண்டிலும் சீட்டும் ஒண்ணு பாக்கணும்" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

குழியைச் சுரண்டினேன், கீயை வைத்தேன், ஆட்டிப் பார்த்தேன், டைட் செய்தேன். எல்லாம் சரி. அப்போதுதான் பின்பிரேக் கேபிள் கண்ணில் பட்டது. லிவருக்குப் பக்கத்தில் இரண்டு இழை அறுந்து, மற்ற இழைகள் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சைஸ் கேபிள் கடையில் இல்லை.

"ஆச்சா?" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஹேண்டில், சீட்டு ரெண்டும் ஆச்சு சார். ஆனா பின்பிரேக் கேபிள் அறுந்துட்டு வருது. என்கிட்ட புதுசு இல்ல. இன்னைக்கு கோபாலபுரம் போக வேண்டாம், இப்படியே மெதுவா வீட்டுக்குப் போங்க."

பேப்பரை இறக்கினார். கேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நீர் சொல்லலேன்னா நேக்குத் தெரியப் போறதில்லையே."

"தெரிய வேண்டாமா சார்?"

பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினார். நான் ரோட்டுக்கு வந்து நின்று பார்த்தேன். லதா மேடம் கிழக்கே போய்விட்டிருந்தார். மணி சார் மேற்கே, வீட்டுப் பக்கம் திருப்பி, ஒரு நடைக்காரர் கூடவே பேசிக்கொண்டு வரலாம் என்கிற வேகத்தில், வளைவு வரைக்கும் அப்படியே போனார்.